சக்கரம் சுற்றுகிற நேரம்

என் கணவர் சவரிநாதனின் கம்ப்யூட்டரில் லாரி விளையாட்டு திறப்பதற்கு முன்னால் திரையில் ஒரு சக்கரம் சுற்றும். அது சுற்றி முடிகிற வரைக்கும் எங்கள் ஹாலுக்கு வெளியே உலகம் நின்றுவிடும். இதை நான் கண்டுபிடித்தது ஞானத்தால் அல்ல, பாலால். ஹாலில் நின்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். திட்ட ஆரம்பிக்கும்போது சமையல்கட்டில் பால் பாத்திரத்தின் விளிம்புக்கு ஏறியிருந்தது. ரேஷன் கார்டில் செத்துப்போன அவர் அப்பா பெயர் இன்னும் உட்கார்ந்திருப்பதில் தொடங்கி, அவர் தங்கை கல்யாணப் பந்தியில் எனக்கு இலை போடாமல் விட்ட கதை வழியாக, இந்தப் பாழாய்ப்போன லாரிக்கு வந்து சேர்ந்து, மூச்சு வாங்கத் திரும்பினால், பால் அதே விளிம்பில் நுரைத்தொப்பி போட்டுக்கொண்டு, வழியவும் வழியாமல் இறங்கவும் இறங்காமல் நின்றது. அடுப்பு நெருப்பு நீலச் சாயத்தில் வரைந்து வைத்த மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கா துணிக்கொடியில் உட்காரக் காலை நீட்டி, கொடிக்கு ஒரு சாண் மேலேயே இருந்தது. சமையல்கட்டுக் கடிகாரத்தில் மணி நாலு இருபது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக, பாலுக்குப் பயப்படாமல் ஒரு மனுஷனை முழுதாகத் திட்டி முடித்தேன். அப்புறம் சக்கரம் நின்றது, லாரி வந்தது, பால் பொங்கி அடுப்பை அணைத்தது, காக்கா உட்கார்ந்தது.

அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை விசில் ஊதி பஸ்களை நேரத்துக்கு வெளியே துரத்துகிற உத்தியோகம். மொபெட் ஓட்டக்கூட லைசென்ஸ் கிடையாது. இரண்டு தடவை எட்டுப் போடப் போய் இரண்டு தடவையும் காலை ஊன்றிவிட்டு வந்த ஆள். அந்த ஆள்தான் தினமும் சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, சரியாக நாலு இருபதுக்கு, பனி பெய்கிற ஏதோ ஒரு தேசத்தில் பதினெட்டுச் சக்கர லாரியில் முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். கம்ப்யூட்டர், மூடிப்போன ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியது. அதனுள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க், அதாவது விளையாட்டுச் சாமானையெல்லாம் போட்டு வைத்திருக்கிற கிட்டங்கி, அந்தக் கடையோடு சேர்ந்து கிழடாகிவிட்டது. விளையாட்டைத் திறக்க அதற்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் இந்த மனிதர் முகவாயைக் கையில் தாங்கிக்கொண்டு சக்கரத்தையே பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் காக்கா அந்தரத்தில் நிற்பது தெரியாது, பால் நிற்பது தெரியாது, பெண்டாட்டி நிற்பதும் தெரியாது. தன் கைக்கடிகாரம் தினம் நாற்பது நிமிஷம் முந்திப் போகிறது என்று மூன்று தடவை பேட்டரி மாற்றினார். மாவட்டத்துக்கே நேரம் சொல்கிற ஆள்.

அவரிடம் நான் சொல்லாமல் இல்லை. "ஏங்க, நீங்க இதைத் திறக்கும்போது ஹாலுக்கு வெளியில உலகம் நிக்குது."

"சரி சரி. அந்த ஃபேனை ரெண்டுல வை."

நான் இதைச் சொன்ன இன்னொரு ஆள் கீழ்வீட்டு சுபைதா, ஜாக்கெட் தைக்கிறவள். அவள் கேட்ட கேள்விகளைப் பாருங்கள்.

"அப்ப அந்த நேரத்துல நமக்கு வயசு ஏறுமாக்கா?"

"ஏறாம? ஹாலுக்குள்ள இருக்கறவங்களுக்கு எல்லாம் ஓடும். வெளியில இருக்கறதுக்குத்தான் ஓடாது."

"ஸ்கூல் வேன்?"

"நம்ம பிளாக்குக்கு நாலரைக்குத்தானடி வேன். நாலு இருபதுலயே நிக்குது."

அவள் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு, "அப்ப நாளைக்கு ஹூக் வைக்கவேண்டிய ஜாக்கெட்டையெல்லாம் எடுத்துட்டு மேல வர்றேன்" என்றாள். எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக் இந்த அற்புதத்துக்குச் செலவழித்த மொத்த ஆச்சரியமும் அவ்வளவுதான். பத்து வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். அற்புதம் என்றால் முழங்காலில் விழவேண்டும், முக்காடு போடவேண்டும், குறைந்தபட்சம் கொஞ்சம் வெளிறவாவது வேண்டும் என்று மதர் பெர்னதெத் சொல்லிக்கொடுத்திருந்தார். இவர்கள் கூடையோடு வந்தார்கள். கரண்ட் மீட்டர் மாடிப்படியில் இருந்ததால் அந்த நாற்பது நிமிஷமும் அது ஓடவில்லை. அப்படியானால் ஃபேனும் கம்ப்யூட்டரும் எதில் ஓடுகிறது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. இலவசமாக வருவதை எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பழக்கம் எங்கள் பிளாக்கில் கிடையாது.

இப்படியாகத் தினமும் நாலு பத்துக்கு அவர்கள் வருவார்கள், செருப்பை வாசலில் தாறுமாறாக விடுவார்கள், சுவரோரம் உட்கார்வார்கள். சுபைதா ஹூக் வைப்பாள். எதிர்வீட்டு மங்கையர்க்கரசி டீச்சர் எட்டாம் வகுப்பு விடைத்தாள் திருத்துவாள். உலகத்தில் எந்த ராணிக்கும் கிடைக்காத நேரம், கடவுளுக்குக்கூடக் கணக்கில் வராத நேரம் கிடைத்திருக்கிறது. இவர்கள் அதில் வேலை பார்த்தார்கள். மாவு சலித்தார்கள், உளுந்தில் கல் பொறுக்கினார்கள், முருங்கைக்கீரை உருவினார்கள். வாசற்படிதான் எல்லை என்பதை டீச்சரை வைத்துத் தெரிந்துகொண்டோம். இரண்டாம் நாள் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று எழுந்து போனவள், படியைத் தாண்டத் தூக்கிய காலோடு அங்கேயே நின்றுவிட்டாள். முந்தானை காற்றில் பறந்த வாக்கில் நின்றது. சக்கரம் நின்றதும் காலைக் கீழே வைத்துத் திரும்பி, "என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க, சேலை கிழிஞ்சிருக்கா?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை. ஹாலில் தினம் கூடுதலாக ஏறுகிற வயசுக்கு, முப்பது நாளைக்கொரு தடவை அடிக்கிற தலைச்சாயத்தை அவள் இப்போது இருபத்தொன்பது நாளைக்கொரு தடவை அடிக்கிறாள், அவ்வளவுதான். எங்கள் பங்கு ஜெபக்குழுவான அன்பியத்து அம்மாக்கள் கேள்விப்பட்டு ஜெபமாலையோடு வந்து பத்தே பத்து மணி உருட்டிவிட்டு, மீதி நேரம் முழுவதும் பங்குச்சாமியாரின் சமையல்காரியைப் பற்றிப் பேசினார்கள். மறுநாள் அவர்களை நான் உள்ளே விடவில்லை.

மூன்றாவது ஆள் ராஜாத்தி. மாடியில் கடைசி வீடு. புருஷன் குவைத்தில். மாமியார் வாதம் அடித்துப் படுக்கையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து புரட்டுகிறாள். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பேசும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு நம் தோளுக்கு மேலே பார்ப்பாள். கோலம் போடும்போது புள்ளி விட்டுப்போகும். முதல் இரண்டு நாள் சின்ன வெங்காயம் உரிக்கக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் வெங்காயக் கூடையைப் பக்கத்தில் வைத்து, தரையில் ஒருக்களித்து, கன்னத்தின் கீழே கையை மடித்து வைத்தவள்தான், சுபைதா ஒரு ஜாக்கெட் முடிப்பதற்குள் வாயைத் திறந்து தூங்கிவிட்டாள். எழுந்ததும் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி முழித்தாள்.

"அத்தைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்லக்கா?"

"உங்க அத்தைக்கு ஒரு செகண்டுகூட ஆகலை. போய்ப் பாரு, அதே கொசு அதே இடத்துல உட்காந்திருக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கே புரிந்தது: அந்த ஊரில், அந்தக் கிழவி புண்ணாகாமல் இவள் தூங்குவதற்கு இருந்த ஒரே இடம் என் வீட்டு ஹால் தரை. அதுவும் நாற்பது நிமிஷம். எனக்கு இந்த மாதிரிப் புரிதலெல்லாம் பிடிக்காது. அடுத்த நாள் ஒரு தலையணையைத் தூக்கி அவள் பக்கம் போட்டேன், அழுக்குத் தலையணைதான்.

தீபாவளி போனஸ் வந்தது. அதற்கு மறுநாள் சவரிநாதன் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மந்திரி பட்ஜெட் வாசிக்கிற தோரணையில் என்னைக் கூப்பிட்டார்.

"பாரு அமலி, மொத்தம் முப்பதாயிரம். அதுக்கு மேல ஒரு ரூபா போகக்கூடாது. ஒரே சாமான்ல கொட்டிட்டு மத்ததைப் பட்டினி போடவும் கூடாது, அதான் பிளானிங். மொத வேலை, இந்த ஹார்ட் டிஸ்க்கைக் கடாசிட்டு எஸ்.எஸ்.டி. அப்புறம் ரேம். மிச்சத்துல சுமாரா ஒரு கிராபிக்ஸ் கார்டு, நல்லதா ஒரு பவர் சப்ளை."

"எஸ்.எஸ்.டி. போட்டா என்ன ஆகும்?"

"நாப்பது நிமிஷம் இருபது செகண்ட் ஆயிடும்." கல்லணையைத் தானே கட்டி முடித்தவர் மாதிரி சொன்னார்.

அன்று காலையில்தான் ராஜாத்தி நின்றபடியே தூங்கி, சோறு வடித்த கஞ்சியைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள். டூத்பேஸ்ட் தடவிய காலோடு நாலு பத்துக்கு வந்து, எரிச்சலில் முனகிக்கொண்டே அந்த நாற்பது நிமிஷமும் தூங்கினாள். அவள் மேல் ஒரு ஈ உட்காராமல் நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து, அவள் தூக்கத்தை இருபது செகண்டாக்க இந்த மனிதர் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் ஒளித்துச் செய்து, பிறகு ஒளித்து வைக்கத் தெரியாமல் மாட்டிக்கொள்வது அவர் சுபாவம். எனவே நான் படித்தேன். கீரை உருவிக்கொண்டே போனில் வீடியோ பார்த்தேன். ஒற்றைக் காதில் கடுக்கன் போட்ட பையன்கள் ஒரு திருகாணியைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், இவர்களைப் பெற்றவர்கள் என்ன பாவம் செய்தார்களோ. ஆனால் விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஹார்ட் டிஸ்க் கிட்டங்கி. ரேம் சமையல் மேடை. பிராசசர் சமையல்காரன். கிராபிக்ஸ் கார்டு என்பது பந்தலும் அலங்காரமும். நல்ல பெரிய கார்டாகப் போட்டால் விளையாட்டு அதற்குத் தகுந்த மாதிரி பெரிய பெரிய படங்களைக் கேட்கும். பனி ஒவ்வொரு பொட்டாக வேண்டும், மரத்துக்கு இலை தனித்தனியாக வேண்டும். அத்தனையையும் அதே கிழட்டுக் கிட்டங்கியிலிருந்து அதே கிழட்டு நடையில் தூக்கி வரவேண்டும். பழைய சமையல்காரனை வைத்துக்கொண்டு ஆயிரம் பேருக்குக் கல்யாணம் வைத்தால் பந்தி எத்தனை மணிக்குப் போடுவார்கள்? மூன்று மணி நேரமாவது ஆகும் என்று கணக்குப் போட்டேன். ஊரிலுள்ள ஆண்களெல்லாம் முப்பதாயிரத்தில் கம்ப்யூட்டரை எப்படி வேகமாக்குவது என்று திட்டம் போட, அதே முப்பதாயிரத்தில் அதை எப்படி மெதுவாக்குவது என்று திட்டம் போட்ட ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

சாயந்திரம் அவர் பின்னால் போய் நின்று திரையைப் பார்த்தேன். "இதுவா பனி?"

"ஏன்?"

"கோலமாவு கொட்டின மாதிரி இருக்கு. இருபது வருஷமா பஸ் ஸ்டாண்டு புகையைக் குடிக்கிறீங்க, விளையாட்டுலயாவது பனி பனியாத் தெரிய வேணாமா? எத்தனை சீக்கிரம் கோலமாவுக்குள்ள போய் என்ன ஆகப்போகுது?"

என்னை அவர் திரும்பிப் பார்த்த பார்வையில், பெண் பார்க்க வந்தபோதுகூட இல்லாத ஒரு மரியாதை இருந்தது. "உனக்கு இதெல்லாம் புரியுமா அமலி?"

"கான்வென்ட்ல படிச்சவளுக்கு லாரி புரியாதா?"

கடைக்கு நானும் போனேன். முரளி என்று ஒரு ஒல்லிக் கடைக்காரன். யாரோ ஒரு பணக்கார வீட்டுப் பையன் சலித்துப்போய் விற்ற பழைய கார்டு ஒன்று, செங்கல் கனம், மூன்று விசிறியோடு. இருபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. முரளி நல்லவன்தான், அது அவன் தலையெழுத்து. "சார், இந்தக் கார்டுக்கு உங்க பழைய பவர் சப்ளை தாங்காது. ஒரு அஞ்சாயிரம் போட்டு அதையும் மாத்திடுங்க. இல்லன்னா சின்னக் கார்டா எடுத்துக்குங்க."

சவரிநாதன் தயங்கினார். டிரிப் ஷீட்டைப் பிரித்து மடித்தார். சின்னக் கார்டு என்றால் ஒரு மணி நேரம். பெரிய கார்டு என்றால் மூன்று. நான் கேட்டேன், "பவர் சப்ளை என்ன பண்ணும்?"

"கரண்ட் குடுக்கும் மேடம்."

"இப்ப இருக்கறது குடுக்கலையா?"

"குடுக்குது, ஆனா..."

அவனிடம் கான்வென்ட் இங்கிலீஷில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். மதர் பெர்னதெத் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பார். எழுவாய், பயனிலை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவன் வாயை மூடிக்கொண்டு பில் போட்டான். வாக்கியத்தில் தப்பே கிடையாது. தப்பு வேறிடத்தில் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

புதுக் கார்டு போட்டதும் சக்கரம் சுற்றியது மூன்று மணி நேரம் பத்து நிமிஷம். முதல் நாளே சுபைதாவின் ஜாக்கெட் தீர்ந்துவிட்டது, டீச்சரின் கட்டு தீர்ந்துவிட்டது, உரிக்க வெங்காயம் இல்லை. வேலை தீர்ந்த பெண்கள் எவ்வளவு பரிதாபமாக இருப்பார்கள் என்பதை அன்று பார்த்தேன்; கையை மடியில் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். ராஜாத்தி மட்டும் தூங்கினாள். ஒரு மாதத்தில் அவள் முகத்தில் கண் எது கன்னம் எது என்று தெரிய ஆரம்பித்தது. வாக்கியத்தை முடித்தாள். ஒரு நாள் நான் சொன்ன ஏதோ ஒன்றுக்குத் திருப்பிப் பதில்கூடச் சொன்னாள்: "அக்கா, உங்க தலையணையை ஒரு தடவை துவைங்க." கொழுப்பு. உறை மாற்றினேன்.

ஆண்களுக்குத் தெரிந்தது. தெரிந்தவுடன் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தர்மலிங்கம், கட்டடத்துக்குள் உற்பத்தியாகும் நேரம் பொதுச்சொத்து என்று லெட்டர்பேடில் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது ஆண்கள் வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷத்தில் போனில் டவர் இல்லை என்றார்கள். டவரும் வெளியேதானே நிற்கிறது. இருபது நிமிஷத்தில் டீ கேட்டார்கள். ஒருவர் சிகரெட்டுக்கு வெளியே போய், தீக்குச்சியைப் பற்றவைக்கிற பாவனையில் படியில் சிலையானார். அரை மணியில் பார்க்கிங் தகராறை எடுத்தார்கள், ஒரு மணியில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்தார்கள், மீதி இரண்டு மணி நேரமும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்; என் வீட்டுக்காரர் இது ஒன்றும் தெரியாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் யாரும் வரவில்லை. நேரம் பொதுச்சொத்து என்ற தீர்மானம் மினிட்ஸ் நோட்டில் இன்னும் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம்போல நாலு பத்துக்கு வந்தார்கள், நாலு இருபதுக்கு அவர் திறந்தார், காக்கா எங்கேயோ அந்தரத்தில் நின்றது, குழாய்ச் சொட்டு குழாய்க்கும் வாளிக்கும் நடுவில் நின்றது, ராஜாத்தி இரண்டாவது நிமிஷம் தூங்கினாள். மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். திரையில் தொண்ணூற்றொன்பது என்று எண் வந்தது, சக்கரம் ஒரு தடவை திணறி, அப்படியே நின்றது. லாரி வரவில்லை. வெளியே சொட்டும் விழவில்லை. பெட்டியிலிருந்து ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை வந்தது.

சவரிநாதன் மவுசைத் தட்டினார், மேஜையைத் தட்டினார். பார்ப்பதற்குச் சக்கரம் இல்லாமல் போன பிறகு, மூன்று மாதத்தில் முதல்முறையாக, விளையாட்டு திறப்பதற்கு முன்னாலேயே திரும்பினார். சுவரோரம் மூன்று பெண்களைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சமையல்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அமலி, அந்தக் கடிகாரம் நின்னு போச்சா?"

"அது சரியாத்தான் இருக்கு. நாம மட்டும்தான் ஓடிட்டிருக்கோம்."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். ஃபேனை ரெண்டுல வைக்கச் சொன்னீங்க."

அவர் ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்துக்குப் போனார். "பவர் பட்டனை அஞ்சு செகண்டு அமுக்கிப் பிடிச்சா அணைஞ்சிடும். எல்லாம் சரியாயிடும். ஆனா இந்த வாடை பவர் சப்ளைதான். இப்ப அணைச்சா மறுபடி எந்திரிக்காது. போகும்போது கார்டையும் போர்டையும் கூட்டிக்கிட்டுத்தான் போகும்." பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முரளி சொன்னான்" என்றார்.

"சொன்னான்."

என்னைப் பார்த்தார். நான் காக்காவைப் பார்த்தேன். அடுத்த போனஸ் அடுத்த தீபாவளிக்கு. அந்த ஐயாயிரத்தைக் கணக்கிலிருந்து அடித்தவள் நான். மூன்று மணி நேரம் வேண்டும் என்ற பேராசையில், ஒரு மணி நேரமாவது வருஷக்கணக்கில் வந்திருக்கக்கூடியதைத் தொலைத்தவள் நான். ஊரையெல்லாம் முட்டாள் என்கிறவள், கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு எதற்குக் காசு என்று இங்கிலீஷில் கேட்டேன். இந்த வீட்டில் கண்ணுக்குத் தெரியாத சாமானாக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

"அமுக்கட்டுமா?" என்றார்.

சுபைதாவும் டீச்சரும் என்னைப் பார்த்தார்கள். நாங்கள் நாலு பேரும் தரையில் கிடந்தவளைப் பார்த்தோம். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெந்த காலில் புதுத்தோல் ரோஜா நிறத்தில் ஏறியிருந்தது. அமுக்கினால் நாலு இருபத்தொன்று. ஐந்து மணிக்கு மாமியாரைப் புரட்ட வேண்டும், ஏழுக்குப் புரட்ட வேண்டும், ஒன்பதுக்கு, பதினொன்றுக்கு, இனி அந்தக் கிழவி இருக்கிற வரைக்கும்.

"அவளா எந்திரிக்கட்டும்" என்றேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மூணு வருஷத் தூக்கம். எனக்கென்ன தெரியும், நீங்கதானே டைம் கீப்பர்."

சுபைதா புத்திசாலி. "அக்கா, நான் படியைத் தாண்டிப் போய் நின்னுக்கறேன். நீங்க எப்ப அமுக்கறீங்களோ அப்ப வீட்டுக்குப் போறேன். எனக்குக் காத்திருந்த மாதிரியே இருக்காது." போய்த் தூக்கிய காலோடு நின்றாள். டீச்சர் வெகுநேரமாகப் பாத்ரூம் போக வேண்டுமென்று நெளிந்துகொண்டிருந்தவள். அவளும் பின்னாலேயே போய் நின்றாள், அவள் அவஸ்தையும் அவளோடு நின்றது. எங்கள் இரண்டு பேருக்கு அந்த வசதி கிடையாது. மூலையில் இருந்த பக்கெட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

வாடை அதிகமானது. சவரிநாதன் திருகாணியைக் கழற்றிப் பெட்டியின் பக்கத் தகட்டை எடுத்தார்; உள்ளே மூலையில் பவர் சப்ளை தோசைக்கல் மாதிரி கொதித்தது. அது தானாகச் செத்தாலும் தூக்கம் போச்சு. பங்குக் கோயில் காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அட்டையால் விசிற ஆரம்பித்தேன். கை ஓய்ந்ததும் அவர் விசிறினார், அவர் கை ஓய்ந்ததும் நான். அரை பாட்டில் தண்ணீரை மூடியில் ஊற்றிக் குடித்தோம். பேசவில்லை, பேசினால் எழுந்துவிடுவாள். வெயில் ஜன்னல் வழியாக மூன்றாவது தரைக்கல்லில் விழுந்து, மணிக்கணக்காக அதே மூன்றாவது கல்லிலேயே கிடந்தது. திட்டாமல் அவ்வளவு நேரம் அந்த மனிதர் பக்கத்தில் நான் உட்கார்ந்ததே கிடையாது. தாலி கட்டின அன்றுகூட.

அவர் கைக்கடிகாரத்தில் ஐந்தரை ஆனபோது, அதாவது அந்தக் கடிகாரக் கணக்குப்படி விடிந்து அவர் டூட்டிக்குக் கிளம்புகிற நேரத்தில், ராஜாத்தி கண்ணைத் திறந்தாள். முழுதாகத் திறக்கவில்லை. தலையணையில் எச்சில் கோடு.

"மணி என்னண்ணே?"

அந்த மனிதரிடம் யாரும் மணி கேட்டு அவர் தப்பாகச் சொன்னதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சமையல்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு இருபதுதாம்மா."

"வேன் வரலையா?"

"வரலை."

"அப்ப இன்னும் கொஞ்சம்..." என்றவள் வாக்கியத்தை முடிக்காமல், யாரும் புரட்டாமல், தானே மறுபக்கம் புரண்டு படுத்தாள்.

சவரிநாதன் கைக்கடிகாரத்தைக் கழற்றினார்; விசிறும்போது தகட்டில் இடித்துச் சத்தம் வருகிறதாம். அதை மேஜையில் குப்புற வைத்துவிட்டு, "கொடு, இந்த டிரிப் எனக்கு" என்று காலண்டர் அட்டையை என் கையிலிருந்து வாங்கினார். விசிறக்கூடத் தெரியாத மனுஷன். காற்றில் பாதி அவள் பக்கம்தான் போனது.